பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் லாபம் தரும் முதலீடா? சட்டமும் வரியும் செலவும் சொல்லும் கணக்கு

பெங்களூரு: வெளிநாட்டு ஏலங்களில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்க்கு விலைபோகும் செய்திகள் வெளியாகும்போதெல்லாம், இந்தியாவிலும் அத்தகைய கார்களை வாங்கிப் பாதுகாத்தால் லாபம் கிடைக்குமா என்ற கேள்வி எழுகிறது. பழைய கார் ஆர்வலர்களும், அவற்றைச் சீரமைக்கும் பட்டறைகளும், செலவழிக்க வசதியுள்ள தொழில்நுட்பத் துறையினரும் ஒருங்கே இருக்கும் பெங்களூருவில் இந்தக் கேள்விக்கு முக்கியத்துவம் அதிகம்.

உலகச் சந்தையில் பதிவாகும் லாபம் இந்தியாவில் கார் வாங்குபவருக்கு அப்படியே கிடைப்பதில்லை. ஏற்றுமதிக் கட்டுப்பாடு, இறக்குமதி வரி, வாகனப் பதிவு விதிகள், வருமான வரிச் சட்டம் ஆகிய நான்கும் இங்குள்ள சந்தையைத் தனியாகப் பிரித்து வைத்துள்ளன. இவற்றுடன் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், வங்கி வைப்புத்தொகைக்கு ஈடுகொடுக்கவே ஒரு கார் பத்தாண்டில் தன் விலையை ஏறக்குறைய மூன்று மடங்காக்க வேண்டியிருக்கும்.

உலக ஏலங்கள் காட்டும் படம்

உலகில் இதுவரை பொது அறிவிப்புடன் விற்கப்பட்ட கார்களில் மிக அதிக விலை பெற்றது, 1955-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹாட் கூப்பே ஆகும். இந்த வகையில் இரண்டு கார்கள் மட்டுமே உருவாக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய்.

இத்தாலியின் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. காரும் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 1960-களின் தொடக்கத்தில் 36 கார்கள் மட்டுமே தயாரிக்கப்பட்ட இந்த வகையில், ஒரு கார் 2014-இல் 3.81 கோடி டாலருக்கும், மற்றொன்று 2018-இல் 4.84 கோடி டாலருக்கும், வேறொன்று 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5.17 கோடி டாலருக்கும் ஏலம் போயின.

முதல் பார்வைக்கு இது இடைவிடாத ஏற்றமாகத் தோன்றும். ஆனால் 2018-க்கும் 2023-க்கும் இடையே உச்ச விலை உயர்ந்தது சுமார் 7 சதவீதம் மட்டுமே. இதே காலத்தில் அமெரிக்காவில் நுகர்வோர் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. இரண்டும் வெவ்வேறு கார்கள் என்பதால் நேரடி ஒப்பீடு முழுமையானதல்ல. இருப்பினும், உலகின் மிக விரும்பப்படும் காரே சில ஆண்டுகள் விலைவாசியைக்கூட எட்டாமல் போகலாம் என்பதை இது உணர்த்துகிறது.

இந்தச் சந்தை சரிந்த வரலாறும் உண்டு. ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி 1988-இல் மறைந்ததைத் தொடர்ந்தும், ஜப்பானியப் பணம் உலகச் சந்தைகளில் பாய்ந்த காலத்திலும் இந்த நிறுவனத்தின் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. 250 ஜி.டி.ஓ. ஒன்றின் விலை ஒரு கோடி டாலரைக் கடந்தது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்த பிறகு, 1990-களின் முற்பகுதியில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் போட்ட பணத்தைத் திரும்பக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

சொத்து ஆலோசனை நிறுவனமான நைட் ஃபிராங்க் ஆண்டுதோறும் வெளியிடும் ஆடம்பர முதலீட்டுக் குறியீட்டின்படி, பழைய கார்களின் மதிப்பு 2022-இல் 25 சதவீதம் உயர்ந்தது. அந்த ஆண்டு வரையிலான பத்தாண்டுகளில் உயர்வு 185 சதவீதம். அடுத்த ஆண்டான 2023-இல் அதே குறியீடு 6 சதவீதம் சரிந்தது. இத்தகைய குறியீடுகள் தேர்ந்தெடுத்த அரிய கார்களின் விலையை மட்டுமே பின்தொடர்கின்றன. காரை நிறுத்த இடம், காப்பீடு, பழுதுநீக்கம், ஏலக் கட்டணம் ஆகியவை அவற்றில் கழிக்கப்படுவதில்லை.

இந்தியச் சட்டத்தில் விண்டேஜ் கார் எது?

விண்டேஜ், கிளாசிக் என்ற சொற்கள் பேச்சு வழக்கில் எல்லாப் பழைய கார்களுக்கும் பயன்படுத்தப்படுகின்றன. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை வரலாற்று வாகனங்களாகக் கருதுகிறது. இந்தியச் சட்டத்தின் வரையறை இதைவிடக் கடுமையானது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலை மாதம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் செய்து, விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதன்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் வாகனங்கள் ஆகும். இறக்குமதி செய்யப்பட்ட வாகனங்களும் இதில் அடங்கும். வாகனம் அதன் அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருக்கக் கூடாது.

புதிய பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். பதிவு எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான வாகனங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மைசூர் மாநிலம், மதராஸ் மாநிலம் என்றிருந்த காலத்து எண்ணுடன் கார் இருந்தால், அது அந்தக் காரின் வரலாற்றுக்குச் சான்றாகவும் அமைகிறது.

அசல் வடிவம் என்ற நிபந்தனையில்தான் பல கார்கள் தடுக்கி விழுகின்றன. பெட்ரோல் விலை உயர்ந்த காலங்களிலும் வெளிநாட்டு உதிரிபாகம் கிடைக்காத காலங்களிலும், பழைய வெளிநாட்டுக் கார்களில் அம்பாசிடர் என்ஜினையோ டீசல் என்ஜினையோ பொருத்தி ஓட்டுவது இந்தியாவில் பரவலாக இருந்தது. வெளித்தோற்றத்தில் பளபளக்கும் அத்தகைய கார், விண்டேஜ் பதிவுக்கும் தகுதி பெறாது; சேகரிப்பாளர்களிடம் நல்ல விலையும் பெறாது.

வாடகை வருமானத்துக்கு வழியில்லை

வீட்டை வாங்கினால் வாடகையும், பங்கை வாங்கினால் ஈவுத்தொகையும், வைப்புத்தொகைக்கு வட்டியும் கிடைக்கும். விண்டேஜ் கார் கையில் இருக்கும் காலத்தில் எந்த வருமானத்தையும் தருவதில்லை.

திருமண ஊர்வலத்துக்கும் திரைப்படப் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யப்பட்ட காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ, வணிக நோக்கிலோ சாலையில் ஓட்ட 2021 விதிகள் அனுமதிப்பதில்லை. காட்சிப்படுத்துதல், தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுதுநீக்கம் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம். எனவே முதலீட்டாளர் முழுக்க முழுக்க விற்பனை விலையையே நம்பியிருக்க வேண்டும்.

உலக விலை இந்தியாவில் ஏன் கிடைப்பதில்லை?

சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டு மோட்டார் தொழிலை வளர்க்கும் நோக்கில், வெளிநாட்டுக் கார்களின் வரவை அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் உற்பத்தித் திட்டம் உள்ள நிறுவனங்கள் மட்டுமே தொடரலாம் என்ற கொள்கை 1953-இல் உறுதியானது. இதனால் எம்.ஜி., ஜாகுவார், டிரையம்ஃப் போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் சமஸ்தான மன்னர்கள், தோட்ட உரிமையாளர்கள், தூதரக அதிகாரிகள் ஆகியோர் வழியாகச் சிறு எண்ணிக்கையிலேயே நாட்டில் தங்கின. தூதரகத்தினர் விட்டுச் சென்ற கார்களை அரசு வணிகக் கழகம் விற்றதும் அக்கால வழக்கம்.

அதே சமயம், 1950-ஆம் ஆண்டுக்கு முன் தயாரான விண்டேஜ் கார்களும் அவற்றின் உதிரிபாகங்களும் நாட்டை விட்டு வெளியேறாதபடி ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மரபுச் செல்வங்கள் வெளிநாடுகளுக்குப் போய்விடாமல் காக்க இது உதவியது. ஆனால், கலிஃபோர்னியாவிலோ லண்டனிலோ அந்தக் காருக்கு அதிக விலை தரும் சேகரிப்பாளர் இருந்தாலும், இந்திய உரிமையாளர் அவரிடம் இயல்பாக விற்க இயலாது. வாங்குபவர் இந்தியாவுக்குள்தான் கிடைக்க வேண்டும்.

இறக்குமதியில் நிலைமை மெல்ல மாறி வருகிறது. முன்பு 1950-க்கு முந்தைய கார்களுக்கு மட்டுமே இருந்த சலுகை, 2025-இல் 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. எனவே 1960-களின் ஸ்போர்ட்ஸ் கார்களையும் இப்போது கொண்டுவர முடியும். எனினும் சுங்க வரியும் பிற வரிகளும் சேர்ந்து காரின் மதிப்பையே விஞ்சும் அளவுக்கு உள்ளன.

இந்த மாற்றம் முதலீட்டாளருக்கு இரு வகையில் பொருள்படும். அதிக வரி செலுத்திக் கொண்டுவந்த காரை விற்கும்போது, அந்த வரித்தொகையையும் தரக்கூடியவர் கிடைத்தால்தான் லாபம். மறுபுறம், இந்தியாவில் அரிதாக இருந்த ஒரு வகைக் கார் இனி அதிகமாக வரத் தொடங்கினால், அரிது என்பதற்காகவே கிடைத்துவந்த கூடுதல் விலை குறையக்கூடும்.

வாங்குவோர் வட்டமும் சிறியது. மும்பையின் ஆஸ்டாகுரு நிறுவனம் 2018-இல் பழைய கார்களை இணையவழியில் ஏலமிட்டது போன்ற முயற்சிகள் நடந்துள்ளன. ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பதுபோல், ஆண்டு முழுவதும் விலைகள் வெளிப்படையாகப் பதிவாகும் ஏலச் சந்தை இந்தியாவில் வேரூன்றவில்லை. பெரும்பாலான விற்பனைகள் தனிநபர்களிடையே பேசி முடிக்கப்படுகின்றன. அவசரமாகப் பணம் தேவைப்படும்போது உரிய விலைக்கு ஆள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

105 மடங்கு விலையும் வரி வழக்கும்

பழைய கார் பெரும் லாபம் தந்த நிகழ்வு இந்தியாவிலும் உண்டு. மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்த ஒரு வழக்கு அதற்குச் சான்று. 1931-ஆம் ஆண்டின் ஃபோர்டு டூரர் கார் ஒன்றை ஒருவர் 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கினார். 1992-93 மதிப்பீட்டு ஆண்டுக்குரிய காலத்தில் அதை 21 லட்சம் ரூபாய்க்கு விற்றார். பத்தாண்டுகள் நிறைவதற்குள் போட்ட பணம் 105 மடங்காகியது.

வருமான வரிச் சட்டத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் அசையும் பொருள்கள் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு போன்றவற்றுக்கு இந்த விலக்கு இல்லை. கார் இந்த விதிவிலக்குப் பட்டியலில் இடம்பெறாததால், சொந்தக் காரை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்ற அடிப்படையில் அந்த உரிமையாளர் விலக்குக் கோரினார்.

வருமான வரித் துறை இதை ஏற்கவில்லை. அவர் அலுவலகத்துக்குச் சென்றுவர நிறுவனம் அளித்த காரையே பயன்படுத்தினார் என்பதும், பழைய கார் அவரது வீட்டில் நிறுத்தப்படவில்லை என்பதும், அதன் பராமரிப்புக்குச் செலவு செய்ததற்கான ஆதாரம் இல்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டன. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் துறையின் வாதத்தை ஏற்றது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு உகந்த பொருள் என்பது மட்டும் போதாது, உண்மையிலேயே அவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

முதலீட்டு நோக்கில் கார் வாங்குவோர் இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உள்ளது. காரை ஓட்டாமல் உறையிட்டு மூடி வைத்தால் அது தேயாமல் இருக்கும்; ஆனால் சொந்தப் பயன்பாடு என்று கூறி வரி விலக்குப் பெறுவது கடினமாகும். ஓட்டினால் விலக்குக் கோர வாய்ப்புண்டு. தேய்மானமும் செலவும் கூடும். விலக்குப் பெறும் காரை நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டத்தை வரிக் கணக்கில் கழிக்கவும் இயலாது.

விலக்குக் கிடைக்காவிட்டால், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்கும் காரின் லாபத்துக்கு 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. 2024 ஜூலை 23-க்குப் பிறகு, விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கொள்முதல் விலையைக் கூட்டிக்காட்டும் சலுகை இத்தகைய சொத்துகளுக்கு இல்லை. அடிக்கடி வாங்கி விற்பவரின் லாபம் வணிக வருமானமாகக் கருதப்படலாம். பழைய வாகனங்களை வாங்கி விற்கும் பதிவு பெற்ற வணிகர்கள் தங்கள் லாபத்தின்மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. செலுத்த வேண்டும்.

பத்தாண்டுக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

ஒருவர் 25 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதாகக் கொள்வோம். அதைச் சீரமைக்க முதலிலேயே 10 லட்சம் ரூபாய் செலவாகிறது. காப்பீடு, நிறுத்துமிடம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். காருக்குக் கார் வேறுபடும்.

இதே பணத்தை 7 சதவீத வட்டி தரும் வங்கி வைப்புத்தொகையில் போட்டு, 30 சதவீத வரி வரம்பில் உள்ளவர் வட்டிக்கு வரியும் செலுத்தினால், நிகர வட்டி 4.9 சதவீதம். முதல் 35 லட்சம் ரூபாய் பத்தாண்டில் ஏறத்தாழ 56.5 லட்சம் ரூபாயாக வளரும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் சேர்த்தது சுமார் 12.5 லட்சம் ரூபாயாகும். மொத்தம் 69 லட்சம் ரூபாய்.

கார் விற்று, 12.5 சதவீத வரி போக 69 லட்சம் ரூபாய் கையில் நிற்க வேண்டுமானால், விற்பனை விலை சுமார் 74 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும். அதாவது 25 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.5 சதவீதம் விலை உயர வேண்டும். இடைத்தரகர் கட்டணமும் கூடுதல் தீர்வைகளும் இதில் சேர்க்கப்படவில்லை. வரி விலக்குக் கிடைத்தாலும் 69 லட்சம் ரூபாய்க்கு விற்றால்தான் வைப்புத்தொகைக்குச் சமம்.

விண்டேஜ் பேரணிகளில் ஒளிரும் கார்களைப் பார்த்து மதிப்பிடும்போது, விற்பனையான விலை மட்டும் நினைவில் நிற்கிறது. இடையில் செலவான தொகை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. உரிமையாளரின் லாபமும் நட்டமும் அந்த இடைக்காலச் செலவில்தான் தீர்மானமாகின்றன.

உதிரிபாகம், எரிபொருள், காப்பீடு

பெங்களூருவின் ஜே.சி. ரோடு மோட்டார் உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. சிவாஜிநகரின் குஜரிப் பகுதியில் பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய பாகங்கள் கிடைக்கும். தமிழகத்தில் சென்னை புதுப்பேட்டை இத்தகைய சந்தைக்கு அறியப்பட்டது. அம்பாசிடர், பத்மினி போன்ற இந்தியத் தயாரிப்புகளுக்கு இந்தச் சந்தைகள் கைகொடுக்கும். அசல் ஸ்போர்ட்ஸ் கார்களின் கார்புரேட்டர், கியர் பெட்டி, மீட்டர், பித்தளைப் பட்டைகள் போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கும். அப்போது சுங்க வரியும் சேரும்.

எந்த மாடலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் பராமரிப்புச் செலவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1960-கள் முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அதே ஹெரால்டின் அடிக்கட்டமைப்பைத் தழுவி உருவானது. இத்தகைய உறவு உள்ள காருக்குச் சில பாகங்களை உள்நாட்டிலேயே தேட வாய்ப்புண்டு.

எரிபொருளும் புதிய செலவைக் கொண்டுவந்துள்ளது. நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ள நிலையில், எத்தனாலைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படாத பழைய கார்களின் ரப்பர் குழாய்கள், கேஸ்கெட்டுகள் ஆகியவை விரைவில் கெட்டுப்போகலாம். சில பழைய வாகனங்களில் இப்பாகங்களை மாற்ற நேரிடலாம் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் 2025-இல் ஒப்புக்கொண்டது. நீண்ட நாள் ஓட்டாமல் நிற்கும் காரில் இந்தச் சிக்கல் கூடும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், டேங்கும் குழாய்களும் துருப்பிடிக்க வாய்ப்பு அதிகரிக்கிறது.

காப்பீட்டில், ஐந்து ஆண்டுகளைக் கடந்த வாகனத்தின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் சான்றும் சீரமைப்பு ரசீதுகளும் இல்லாவிட்டால், 30 லட்சம் ரூபாய் செலவிட்ட காருக்கும் மிகக் குறைந்த தொகையே பாலிசியில் இடம்பெறக்கூடும். விபத்தோ தீயோ நேர்ந்தால் அந்தத் தொகைதான் கிடைக்கும்.

கர்நாடகத்தில் வரியும் பதிவும்

கர்நாடகம் வாகனங்களுக்கு அதிக வாழ்நாள் வரி வசூலிக்கும் மாநிலங்களில் ஒன்று. 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு 18 சதவீத வரி உண்டு. இதைத் தவிர்க்க வெளிமாநிலப் பதிவுடன் ஆடம்பரக் கார்களை ஓட்டுவது பெங்களூருவில் தொடர்ந்து சர்ச்சைக்குள்ளாகிறது. 2025 பிப்ரவரியில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை நகரில் நடத்திய சோதனையில் ஃபெராரி, போர்ஷே, ஆஸ்டன் மார்ட்டின் உள்ளிட்ட 30 கார்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவு கொண்ட ஒரு ஃபெராரிக்கு அபராதத்துடன் சுமார் 1.42 கோடி ரூபாய் வரி வசூலிக்கப்பட்டது.

அவை புதிய கார்கள் என்றாலும் பாடம் பழைய கார்களுக்கும் பொருந்தும். கோவையிலோ சென்னையிலோ வாங்கிய காரை ஓராண்டுக்கு மேல் பெங்களூருவில் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கர்நாடகப் பதிவு எண் பெற வேண்டும். அதற்கு முந்தைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று அவசியம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆவணங்கள் காணாமற்போயிருந்தால், இந்த ஒரு சான்றுக்காகவே மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

இருபது ஆண்டைக் கடந்தும் ஐம்பதை எட்டாத கார்களுக்கு வேறொரு சுமை உள்ளது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்திய கட்டணப்படி, 20 ஆண்டுகளைக் கடந்த சாதாரணக் காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாயும், இறக்குமதி செய்யப்பட்ட காருக்கு 80,000 ரூபாயும் செலுத்த வேண்டும். இன்று இளைய சேகரிப்பாளர்கள் அதிகம் நாடும் 1980-கள், 1990-களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்த இடைப்பட்ட வயதில்தான் உள்ளன.

பெங்களூருவிலேயே உருவான சிபானி டால்பின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி, கண்ணாடியிழை உடற்கூடுடன், 848 சி.சி. என்ஜினுடன் 1982-இல் வந்த இந்தச் சிறிய இரு கதவுக் கார், எடை குறைவு காரணமாகச் சோழவரம் பந்தயங்களிலும் ராலிகளிலும் பெயர் பெற்றது. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் இடம்பெற்ற கார் என்றாலும், 2032-க்கு முன் எந்த டால்பினும் விண்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறாது.

எந்தக் கார் மதிப்பைக் காக்கிறது?

வயது மட்டுமே விலையை உயர்த்துவதில்லை. ஜாகுவார் இ-டைப் 1961-இல் அறிமுகமாகி 70,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டது. எம்.ஜி. டி.சி. சுமார் 10,000 கார்கள் வந்தன. 36 மட்டுமே வந்த 250 ஜி.டி.ஓ.வின் விலைப் பாதையை இவற்றுக்குப் பொருத்திப் பார்ப்பது தவறான எதிர்பார்ப்பையே தரும்.

காரின் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவுகளுடன் ஒத்துப்போவது, பந்தய வரலாறு, முந்தைய உரிமையாளர்களின் தொடர்ச்சியான ஆவணம், அசல் நிறமும் உள்ளமைப்பும், குறைந்த எண்ணிக்கையில் தயாரானது ஆகியவையே உலகெங்கும் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. தலைமுறை மாற்றமும் முக்கியம். இளமையில் தாங்கள் பார்த்து ஆசைப்பட்ட காரையே மக்கள் நடுவயதில் வாங்குகின்றனர். இதனால் 1930-களின் பல கார்களுக்கு நாட்டம் குறைந்து, 1980-களுக்குப் பிந்தையவற்றுக்குக் கூடி வருகிறது. இன்று வாங்கும் காரை 20 ஆண்டுகள் கழித்து யார் வாங்குவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ், என்ஜின் எண்கள் காரில் பொறிக்கப்பட்டவற்றுடன் ஒத்துப்போகின்றனவா என்று நேரில் சரிபார்க்க வேண்டும். எண்கள் அழிக்கப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருந்தால் அந்தக் காரைத் தவிர்ப்பதே நல்லது.

பரிவாகன் இணையதளத்தில் உரிமையாளர் விவரம், கடன் நிலுவை, அபராதம், வரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் பெயர் மாற்றமும் முடிந்த பிறகே முன்பணம் தர வேண்டும். விண்டேஜ் பதிவு பெற்ற காரை வாங்குவதையும் விற்பதையும் இரு தரப்பினரும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த மாடலை அறிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, தரைத்தகடு, கதவின் அடிப்பகுதி, சேசிஸ் இணைப்புகள் ஆகிய இடங்களில் துருவைச் சோதிக்க வேண்டும். என்ஜின் பழுதைவிட, பூச்சுக்கு அடியில் மறைந்துள்ள துருவை நீக்கவே அதிகம் செலவாகும். கர்நாடகா விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் போன்ற ஆர்வலர் அமைப்புகளில், அந்தக் காரின் முந்தைய வரலாறு அறிந்தவர்கள் கிடைக்கலாம். கோவையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகம், பெங்களூரு - மைசூரு சாலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே உள்ள பயணா அருங்காட்சியகம் ஆகியவற்றில் அசல் வடிவில் பாதுகாக்கப்படும் கார்களைப் பார்ப்பது, கலப்புப் பாகங்களை இனங்காணக் கண்ணைப் பழக்கும்.

சீரமைப்பு, எரிபொருள், காப்பீடு ஆகியவற்றின் ரசீதுகள், பேரணிகளில் பங்கேற்ற சான்றுகள், ஒளிப்படங்கள் அனைத்தையும் நாள் வாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். விற்பனையின்போது காரின் மதிப்பை உயர்த்தவும், வருமான வரித் துறையிடம் சொந்தப் பயன்பாட்டை நிறுவவும் இவையே துணை நிற்கும். மும்பை வழக்கில் உரிமையாளரிடம் இல்லாமற்போனது இத்தகைய சான்றுகள்தாம்.

கடன் வாங்கியோ, ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்தோ, பிள்ளைகளின் கல்விக்கு வைத்த பணத்தைக் கொண்டோ பழைய காரில் முதலீடு செய்வது ஆபத்தானது. வருமானம் தராத, உடனே விற்க இயலாத, ஆண்டுதோறும் செலவு வைக்கும் பொருளின்மீது வட்டியும் கட்ட நேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும். பத்தாண்டுகள் முடங்கினாலும் குடும்பச் செலவைப் பாதிக்காத பணமும், காரை ஓட்டிப் பராமரிக்கும் ஆர்வமும் இருப்பவருக்கு, விலை உயர்வு கிடைத்தால் அது கூடுதல் பலன். லாபத்தை மட்டுமே எதிர்பார்ப்பவருக்கு, இந்தியாவின் இன்றைய சட்ட, வரிச் சூழலில் வங்கி வைப்புத்தொகையே குறைந்த இடர்ப்பாடு கொண்ட வழியாக உள்ளது.